நாக்கைத் தாண்டிய கசப்பு

கசப்பை எதனால் உணர்கிறோம் என்று வகுப்பில் கேட்டால், கேள்வி முடியும் முன்பே பிள்ளைகள் நாக்கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். விடை சரிதான், ஆனால் பாதி விடை. நாக்கில் கசப்பை அறிகின்ற அதே வாங்கிகள் நமது மூக்கினுள் இருக்கின்றன, நுரையீரலுக்குப் போகும் காற்றுக்குழாய்களில் இருக்கின்றன, இரைப்பையிலும் குடலிலும் இருக்கின்றன. அதிலும் இரைப்பையில் இருப்பவை நமது பசியில் கைவைக்கின்றன.

இந்தப் பாதி விடை முழுமைப்பட நூறு வருடங்களுக்கு மேல் எடுத்தது. ஏன் அவ்வளவு காலம் என்பதுதான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

நம் வீடுகளில் கசப்பைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. காய்ச்சல் விட்டு எழும்பிய பிள்ளை சோற்றைக் கண்டு முகத்தைத் திருப்பினால், "கசப்பா ஏதும் குடுங்க, வாய் திறக்கும்" என்பார் மூத்தம்மா. உடம்பைக் குறைக்க நினைக்கும் நம் நண்பரோ, பசி அடங்கும் என்று நம்பி விடியற்காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிக்கிறார். ஒருவர் பசியைக் கூட்டக் கசப்பைக் கொடுக்கிறார். மற்றவர் பசியைக் குறைக்க அதையே குடிக்கிறார். இரண்டு பேரும் சரியாக இருக்க முடியுமா?

மூத்தம்மாவின் பக்கம் பெரிய வரலாறு இருக்கிறது. கிரேக்க வைத்தியர்கள் முதல் யூனானி வைத்தியர்கள் வரை கசப்பு மருந்தை வயிற்றுக்கு உகந்ததாகவே கருதினார்கள். ஐரோப்பாவில் ஜென்சியன் என்ற செடியின் வேர் பசியெடுக்காதவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. 1037இல் மறைந்த இப்னு சீனா தமது 'கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்தின் இயல்பை அதன் சுவையைக் கொண்டு எப்படி அனுமானிப்பது என்று விரிவாக எழுதியிருக்கிறார். அவருக்குச் சுவை என்பது வாயின் இன்பம் மட்டுமல்ல. அந்தப் பொருள் உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்பதற்கான ஒரு தடயம்.

"பார்த்தீர்களா, இப்னு சீனா அன்றே கண்டுபிடித்துவிட்டார்" என்று இந்த இடத்தில் எழுதினால் பதிவுக்கு விருப்பு நிறைய விழும். ஆனால் அது அந்தப் பெரிய மனிதருக்குச் செய்யும் நியாயம் அல்ல. அனுபவத்தில் தெரிந்த ஓர் ஒழுங்கை அவர் பதிந்து வைத்தார். உடம்பின் எந்தக் கலம், எந்தப் புரதம் என்பவை அவரது காலத்துக் கருவிகளுக்கு எட்டாத கேள்விகள். இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். சுவையை வைத்து அனுமானித்தால் போதாது, மருந்தைப் பரிசோதித்தும் பார்க்க வேண்டும் என்று அதே பாகத்தில் அதற்கு விதிகள் எழுதியவரும் அவர்தான். எனவே அவரது வழியில் போவதென்றால் சோதித்துப் பார்ப்பதுதான் முறை.

சோதனை 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. கசப்பு மருந்தை நேரடியாக விலங்குகளின் இரைப்பைக்குள் விட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி இரைப்பைச் சாறு சுரக்கவில்லை. உடனே ஆய்வுகூடத்தவர்கள், கசப்பு பசியைத் தூண்டும் என்பது வெறும் கட்டுக்கதை என்றார்கள். நோயாளிகளை நாள்தோறும் பார்த்த வைத்தியர்களோ, நாங்கள் கண்ணால் காண்பதை எப்படி இல்லை என்பது என்றார்கள்.

இந்த இடத்தில் வருகிறார் ரஷ்யாவின் இவான் பாவ்லோவ். மணியடித்தால் நாய்க்கு உமிழ்நீர் ஊறுமே, அந்தப் பாவ்லோவ்தான். ஆனால் அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காக அல்ல, சமிபாடு பற்றிய ஆய்வுக்காக. நாயின் உணவுக்குழாயைக் கழுத்தில் வெளியே திறந்துவிட்டார். நாய் இறைச்சியைத் தின்னும், தின்றது இரைப்பைக்குப் போகாமல் கழுத்து வழியே வெளியே விழும். இருந்தும் வெறுமையாகக் கிடக்கும் இரைப்பையில் சாறு பெருகும். அப்படியென்றால் சமிபாட்டின் முதல் கட்டளை இரைப்பையில் பிறக்கவில்லை. வாயிலும் மூளையிலும் பிறக்கிறது.

இதை வைத்து 1897இல் வெளியிட்ட தமது விரிவுரை நூலில் கசப்புச் சண்டைக்கும் அவர் தீர்ப்புச் சொன்னார். வைத்தியர்கள் கண்டது சரி. ஆய்வுகூடத்தவர்கள் மருந்தை வைத்த இடம் பிழை. கசப்பு வேலை செய்வது நாக்கில். நாக்கைத் தாண்டி இரைப்பையில் கொட்டினால் அது எப்படி வேலை செய்யும்?

அழகான தீர்ப்பு. ஆனால் அதோடு ஒரு கதவும் சாத்தப்பட்டது. கசப்பு என்றால் நாக்கு, இரைப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாகிவிட்டது.

அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அன்டன் கார்ல்சன். சிறுவயதில் அரிக்கும் இரசாயனத்தைத் தவறுதலாகக் குடித்து உணவுக்குழாய் அடைபட்டுப்போன ஒருவர் அங்கே இருந்தார். வயிற்றில் சத்திரசிகிச்சை மூலம் இட்ட துளை வழியாகத்தான் அவர் உண்டு வாழ்ந்தார். அந்தத் துளையால் ஒரு சிறிய பலூனை இரைப்பைக்குள் இறக்கி, பசிக்கும்போது இரைப்பை எப்படிச் சுருங்குகிறது என்று கார்ல்சன் பதிவு செய்தார். வயிறு இரையும்போது நாம் உணர்வது அந்தச் சுருக்கங்களைத்தான். கசப்பு மருந்தை வாயில் வைத்தபோது அந்தப் பசிச் சுருக்கங்கள் கூடவில்லை, அடங்கின. வழக்கமான அளவில் நேரே இரைப்பைக்குள் விட்டபோது ஒரு மாற்றமும் தெரியவில்லை. முதலாம் உலகப்போர்க் காலத்தில் வெளிவந்த இந்த முடிவுகளோடு, இரைப்பைக்குக் கசப்புத் தெரியாது என்ற எண்ணம் உறைந்துபோனது.

அதற்குப் பிறகு கவனம் முழுவதும் நாக்கின் மேல்தான். நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பிரித்துக்காட்டும் நாக்குப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் மூலம் 1901இல் ஜேர்மனியில் ஹெனிக் செய்த ஆய்வு. அவர் கண்டது மிகச் சிறிய வேறுபாடுகளை. 1942இல் எட்வின் போரிங் என்ற உளவியலாளர் அவற்றைத் தமது நூலில் வரைபடமாகப் போட்டவிதம், ஒரு சுவைக்கு ஓர் இடம் என்ற எண்ணத்தை உலகமெங்கும் பரப்பிவிட்டது. 1974இல் வர்ஜீனியா கொலிங்ஸ் மீண்டும் அளந்து, வேறுபாடு உண்டு, ஆனால் அது மிக அற்பம் என்று காட்டினார். படம் மட்டும் இன்னும் சாகவில்லை.

1931இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவன ஆய்வுகூடத்தில் ஒரு சம்பவம். ஆர்தர் பொக்ஸ் என்ற இரசாயனவியலாளர் ஒரு தூளைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். பொக்ஸுக்கோ ஒன்றும் தெரியவில்லை. ஒரே தூள், இரண்டு நாக்கு. கசப்பை அறியும் ஆற்றல் பரம்பரையாக வருகிறது என்பது இதிலிருந்து புலப்பட்டது. அதற்குக் காரணமான பரம்பரை அலகு 2003இல் அடையாளம் காணப்பட்டது. அதே சுண்டலில் ஒரு பிள்ளை கசப்பு என்று துப்புவதும் அடுத்த பிள்ளை அள்ளித் தின்பதும் எப்போதும் பிடிவாதம் அல்ல என்பதை உம்மாமார் கவனிக்க வேண்டும்.

இனிக் கதவு திறக்கும் காலம். 1992இல் ரொபர்ட் மார்கொல்ஸ்கி என்பவரின் குழு, நாக்கின் சுவைக் கலங்களில் ஒரு புரதத்தைக் கண்டது. கசப்பு வந்திருக்கிறது என்ற செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் தூதன் அது. சுவைத்தல் என்ற சொல்லிலிருந்தே அதற்குக் கஸ்ட்டூசின் என்று பெயர் வைத்தார்கள். சுவையின் புரதம், ஆகவே நாக்கின் புரதம்.

நான்கு வருடம் கழித்து, 1996இல், ஜேர்மனியில் ஹோஃபர், பூஷெல், ட்ரென்க்ஹான் ஆகிய மூவரும் அதே புரதத்தை எலியின் இரைப்பையிலும் குடலிலும் கண்டார்கள். வழி முழுக்கச் சிதறிக் கிடந்த சில கலங்களில் அது இருந்தது. நாக்கே இல்லாத இடத்தில் நாக்கின் தூதனுக்கு என்ன வேலை?

2000ஆம் ஆண்டில் சார்ள்ஸ் சுக்கர், நிக்கொலஸ் ரைபா ஆகியோரின் குழுக்களும், தனியாக லிண்டா பக்கின் குழுவும் கசப்பு வாங்கிகளையே கண்டுபிடித்தன. மனிதரில் இவை ஏறத்தாழ 25 வகை. ஆயிரக்கணக்கான கசப்புப் பொருட்களை இந்த 25ஐ வைத்தே சமாளிக்கிறோம். 2002இல் கலிபோர்னியாவில் ரொசென்குர்ட்டின் குழு, இந்த வாங்கிகள் எலிகளின் இரைப்பையிலும் குடலிலும் உள்ளன என்று அறிவித்தது. தூதன் மட்டுமல்ல, காவலாளியும் அங்கேதான் நிற்கிறான்.

பிறகு வரிசையாக வந்தன. 2009இல் காற்றுக்குழாயின் பிசிர்க் கலங்களில் கண்டார்கள். கசப்புப் பட்டதும் அந்தப் பிசிர்கள் வேகமாக அடித்து, வந்ததை வெளியே தள்ளப் பார்க்கின்றன. 2010இல் காற்றுக்குழாயின் தசையில் கண்டார்கள். கசப்புப் பட்டால் குழாய் இறுகும் என்று எதிர்பார்த்திருக்க, அது தளர்ந்து விரிந்தது. 2012இல் மூக்கினுள் இருக்கும் ஒரு கசப்பு வாங்கி, பற்றீரியா வெளிவிடும் இரசாயனத்தை மோப்பம் பிடிக்கிறது என்று காட்டினார்கள். பொக்ஸின் தூளை அறியும் அதே வாங்கிதான் அது.

இதில் எதையும் நாம் கசப்பாக உணர்வதில்லை என்பதைக் கவனியுங்கள். இரைப்பை "கசக்கிறது" என்று நமக்குச் சொல்வதில்லை. அது சத்தமில்லாமல் ஓமோனைச் சுரக்கிறது, தசையைத் தளர்த்துகிறது. சுவை என்பது நாக்கிலிருந்து மூளைக்குப் போகும் செய்தி. வாங்கி என்பது ஒரு பொருளை அடையாளம் காணும் கருவி. கருவி ஒன்று, அது பொருத்தப்பட்ட இடத்துக்கேற்ப வேலை வேறு.

இப்போது பசிக்கு வருவோம். 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஓமோனைப் பிரித்தெடுத்தார்கள். பசியைக் கிளப்பும் ஓமோன் அது. நாம் பழகிய சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது குருதியில் இது கூடும். நோன்பின் முதல் சில நாட்களில் சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் வயிறு கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் இங்கே டெபூர்டெர் என்ற பெண் விஞ்ஞானியின் குழு, கிரெலின் சுரக்கும் கலங்களையும் கசப்பையும் சேர்த்துப் பார்த்தது. 2011இல் வெளிவந்த முடிவு இது. கசப்புப் பொருட்களை நாக்கில் படாமல் குழாய் வழியே சுண்டெலிகளின் இரைப்பைக்குள் விட்டபோது, கிரெலின் கூடியது. முதல் அரை மணித்தியாலம் சுண்டெலிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றன. அதன் பின் வந்த மணித்தியாலங்களில் வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்றன, இரைப்பையும் மெதுவாகவே காலியானது. கஸ்ட்டூசின் இல்லாத சுண்டெலிகளில் இந்த விளைவு மங்கிப்போனது.

மூத்தம்மாவையும் நம் நண்பரையும் இப்போது திரும்பப் பாருங்கள். முதலில் பசி கூடுகிறது, பிறகு குறைகிறது. சுண்டெலியின் ஒரே வயிற்றுக்குள் இரண்டு பேச்சுக்கும் இடம் இருந்தது. எப்போது அளந்தோம் என்பதில்தான் விடை தங்கியிருந்தது.

மனிதரில் என்ன? 2017இல் அதே லூவெனில், டெனட்டோனியம் என்ற மிகக் கடுமையான கசப்புப் பொருளை ஆரோக்கியமான பெண்களின் இரைப்பைக்குள் குழாய் வழியே விட்டார்கள். பிள்ளைகள் தவறுதலாகக் குடித்துவிடாதபடி வீட்டு இரசாயனங்களில் கலக்கிறார்களே, அந்தப் பொருள்தான். நாக்குக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வெறும் வயிற்றின் சுருக்கங்கள் தளர்ந்தன, பசியும் குறைந்ததாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். கார்ல்சன் பலூன் வைத்து அளந்த அதே பசிச் சுருக்கங்கள்! வழக்கமான மருந்து அளவில் அவர் காணாத விளைவு, வேறு பொருளோடும் நுட்பமான கருவிகளோடும் நூறு வருடம் கழித்துத் தெரிந்தது. பின்னர் கொயினாவை வைத்தும் இதே போன்ற ஒரு பரிசோதனையை அங்கே செய்தார்கள். கொயினா இரைப்பைக்குள் போனவர்கள், கொடுத்த சொக்லட் பாலைக் குறைவாகவே குடித்தார்கள்.

கொயினா என்றதும் நம் நாட்டு வரலாறு குறுக்கே வருகிறது. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவை 1820இல் பாரிஸில் பிரித்தெடுத்தார்கள். அந்த மரத்தைப் பயிரிட்டுப் பார்க்கத்தான் 1861இல் ஹக்கல தோட்டம் தொடங்கப்பட்டது. நுவரெலியாச் சுற்றுலாவில் பிள்ளைகளைப் பூப்பார்க்க அழைத்துப் போகிறோமே, அது பிறந்தது ஒரு கசப்புக்காக. கோப்பி நோயால் அழிந்தபின் மலையகத் தோட்டங்கள் சிலகாலம் சிங்கோனாவை நம்பியிருந்தன. 1934, 35 மலேரியாக் கொள்ளைநோயில் இந்த நாடு ஏறத்தாழ 80,000 உயிர்களை இழந்தபோது, ஊர் ஊராகப் பகிர்ந்தளிக்கப்பட்ட மருந்தும் கொயினாதான்.

மருந்துகளில் பல கசப்பானவை. அவை நாக்கைத் தாண்டிப் போனபின்னும் உடம்பிலுள்ள கசப்பு வாங்கிகளைத் தட்டக்கூடும், சில பக்கவிளைவுகளுக்கு அது காரணமாக இருக்கலாம் என்று 2012இல் ஆய்வாளர்கள் சிலர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்.

எதற்காக உடம்பு இந்தக் காவலை உள்ளே வைத்திருக்கிறது? தாவரங்களின் நஞ்சுகளில் பல கசப்பானவை. நாக்கு முதல் வாசல். ஏமாந்து விழுங்கிவிட்டால் இரைப்பை மெதுவாகி, பசியை அடக்கி, மேலும் உள்ளே போகாமல் பார்க்கிறது. மூக்கும் காற்றுக்குழாயும் தத்தமது வாசலைக் காக்கின்றன. ஆய்வாளர்கள் பொதுவாகத் தரும் விளக்கம் இதுதான்.

இனி, இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதினோம் என்பதற்கு வருகிறோம்.

முதலாவது, நம் சமையலறை. "கசப்பு பசியைக் குறைக்கும், விஞ்ஞானமே சொல்லிவிட்டது" என்று யாராவது போத்தலில் அடைத்து விற்க வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கசப்பு? எவ்வளவு? சுண்டெலியிலா மனிதரிலா? லூவெனில் கொடுத்தது அளந்த பொருள், குழாய் வழியே, சில மணித்தியாலம் மட்டும் பார்த்தது. மனிதரில் நடந்த எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவும் இல்லை. பாகற்காய் நல்ல கறி, சாப்பிடுவோம். ஆனால் பாகற்காய்ச் சாற்றை நம்பி, நீரிழிவுக்கு வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்துபவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வேண்டாம். மாத்திரையோடு சேர்த்து அளவில்லாமல் குடித்தால் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும். வைத்தியரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அதேபோல, கசக்கக்கூடாத ஒன்று கசந்தால் அது மருந்தல்ல, எச்சரிக்கை. சுரைக்காய் கசந்தால் எறிந்துவிடுங்கள். கசந்த சுரைக்காய்ச் சாற்றை உடம்புக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தவர்கள் இந்தியாவில் உயிரிழந்திருக்கிறார்கள். நாக்கு சொன்னதை அவர்கள் கேட்கவில்லை.

இரண்டாவது, நம் வகுப்பறை. இரைப்பையின் கசப்பு ஏன் இவ்வளவு காலம் மறைந்திருந்தது? பாவ்லோவும் கார்ல்சனும் சாதாரண மனிதர்கள் அல்ல. ஆனால் கசப்பு என்பது சுவை, சுவை என்பது நாக்கு என்று பெயரே வேலியாக நின்றது. முதலில் எங்கே கண்டோமோ அந்த இடத்தின் பெயரை வைத்தோம், பிறகு அந்தப் பெயருக்குள்ளேயே தேடினோம். பாடநூலிலும் புலனங்கங்கள் ஒரு பாடம், சமிபாடு இன்னொரு பாடம். இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள் ஓடிவிடும். முதற்பாடத்தில் படித்த வாங்கியை மற்றப் பாடத்தில் தேடிப் பார்க்க எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது, நாம் தோன்றச் செய்யாவிட்டால்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நாக்கைப் படிப்பிக்கும்போது பரீட்சைக்கான விடையைச் சொல்லிக் கொடுங்கள், அது தேவை. அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கி, "வேறு எங்கே இருக்கலாம்?" என்று ஒரு கேள்வியையும் கேளுங்கள். இரைப்பை என்று ஒரு பிள்ளை சொல்லி மற்றவர்கள் சிரித்தால், சிரிப்பை நிறுத்திவிட்டு 1996இன் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.